முன்வரிசை, பதினாலாம் கதிரை: மன்னார்த் தீவில் ஒரு பைனல்

இந்த வருடத் தொடக்கத்தில், மெல்பேர்ணில் இருக்கும் மச்சானின் புண்ணியத்தில், அங்கே நடக்கும் பெரிய டென்னிஸ் போட்டியை நேரில் பார்த்தேன். எந்த வகை நுழைவு ரிக்கெற் எடுப்பது, வெயில் எந்தப் பக்கம் விழும், எந்த வரிசையில் இருந்தால் கழுத்து நோகாது என்று ஊர் திரும்பி மூன்று பதிவுகள் எழுதினேன். இந்த வலைப்பதிவில் அதிகம் பேர் வாசித்தது அவற்றைத்தான். வவுனியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு வேறு என்ன தெரியப்போகிறது? எங்கே இருந்தால் எது தெரியும் என்பது ஒன்றுதான் தெரியும்.

அந்தப் பதிவுகளில் ஒன்றின் கீழே மன்னார் வாசகர் ஒருவர் குத்தலாக எழுதியிருந்தார். "வெள்ளைக்காரன்ர ஊரில கதிரை பாத்தது காணும். எங்கட தீவில உதைபந்தாட்டப் பைனல் வருது. அதுக்கு ஒருக்கா வந்து நல்ல இடம் எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்." எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஆகஸ்ட் முதற் சனிக்கிழமை பைனல். வெள்ளி மாலையே கடைச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். "பந்து பாக்கவோ, கதிரை பாக்கவோ போறியள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது முடிவில் விளங்கும்.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குக் காலை 6.15 பஸ். ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், நான் கொடுத்தது 340 ரூபா. மேற்கே போகும் பஸ் என்பதால் காலை வெயில் முதுகுக்குப் பின்னால்தான். எந்தப் பக்கமும் இருக்கலாம். நான் வலப்பக்க ஜன்னலைப் பிடித்தேன். உயிலங்குளத்தில் வயல்கள் வெட்டி முடிந்து கட்டையாகக் கிடந்தன. குளத்தில் தண்ணீர் நடுவுக்குச் சுருங்கியிருந்தது, அதில் கொக்குகள் ஒன்றோடொன்று பேசாமல் நின்றன. 8.30க்கு மன்னார் பட்டினம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் மீன்குழம்பும் 280 ரூபா. வாசலில் நின்ற கழுதை ஒன்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மன்னார்க் கழுதைகளுக்கு வெட்கம் கிடையாது.

9.10க்குத் தலைமன்னார் பஸ். இருபத்திரண்டு கிலோமீற்றர், 45 நிமிடம், 120 ரூபா. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. தென்கரை நெடுக வெள்ளைக் காற்றாலைகள். பனைகளுக்கு மேலால் இறக்கை மட்டும் எழும்பித் தெரியும், பிறகு கீழே போகும். பேசாலை தாண்டியதும் என் கைத்தொலைபேசி சிணுங்கியது. இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. நான் எங்கும் போகவில்லை, இலங்கையில் ஒரு பஸ்ஸில்தான் இருந்தேன். "அக்கரைச் சிக்னல் அண்ணை, இஞ்ச வந்தா உப்பிடித்தான்," என்றார் நடத்துனர். "பைனலுக்கோ? கதிரை எடுத்தாச்சோ?"

"இனித்தான் எடுக்க வேணும்."

அவர் சிரித்தார். "கதிரை கிடையாது. அது ஊர்க் கதிரை. வாங்கில இருந்து பாருங்கோ."

பிரதான வீதியில் இறங்கிக் கடலை நோக்கி மணற்பாதையில் 1.2 கிலோமீற்றர் நடக்க வேண்டும். ஓட்டோ என்றால் 300 ரூபா. நான் நடந்தேன். அந்தக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு யாராவது எனக்கு 300 ரூபா தந்திருக்க வேண்டும்.

மைதானம் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. தெற்குக் கோலுக்குப் பின்னால் ஒரு வரிசைப் பனை, அதற்குப் பின்னால் கடல். நான்கு வகை ரிக்கெற். 'நிலம்' நூறு ரூபா: கிழக்குப் பக்கம் கயிற்றுக்கு வெளியே மணலில் பாய் விரித்து இருக்கலாம், பின்னேர வெயில் நேரே கண்ணுக்குள் வரும். 'வாங்கு' முந்நூறு: வடக்குக் கோலுக்குப் பின்னால் எண்ணெய்ப் பீப்பாக்களின் மேல் போட்ட பலகைகள், மூன்று படி உயரம். 'கதிரை' ஐந்நூறு: மேற்குப் பக்கம் தகரப் பந்தலின் கீழ், இருபது இருபதாக மூன்று வரிசை, நிழல், வெயில் முதுகில். 'சோபா' ஆயிரத்தைந்நூறு: அதே பந்தலில் நடுக்கோட்டுக்கு நேரே, வீடுகளிலிருந்து தூக்கி வந்த சோபாக்கள், தின்ன ஒரு றோல்ஸ், குடிக்க ஒரு சோடா. சோபாவுக்கு ஆசைப்படாதீர்கள். இருந்தால் இடுப்பளவு புதைந்துபோவீர்கள், கண்ணுக்குத் தெரிவது முன்னால் நின்று பேசும் பிரமுகர்களின் முதுகுதான். காசு கூடிய இடம் நல்ல இடம் இல்லை என்பதை மெல்பேர்ணிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

கதிரைதான் சரியான இடம். ஆனால் நடத்துனர் சொன்னது உண்மை. ஒவ்வொரு கதிரையும் ஒரு வீட்டுக்குரியது. வருடாவருடம் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வைத்தே அதே இலக்கத்தை அதே வீட்டார் புதுப்பித்துவிடுகிறார்கள். டென்னிஸிலும் இப்படிச் சில முன்வரிசைகள் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. அங்கே அதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டும், இங்கே அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

பூவரச மரத்தின் கீழே மேசை போட்டு ரிக்கெற் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஜெறோம். நாற்பது வயதிருக்கும். ஐஸ் தொழிற்சாலையில் வேலை, கழகத்தின் ரிக்கெற் பொறுப்பும் அவரிடம்தான். கதிரை என்றதும் தலையை ஆட்டினார். பிறகு என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தார். நான் திரும்பினேன். ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள், வேறு யாரும் இல்லை.

"உங்களுக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"முந்தி இந்த ஊருக்கு வந்திருக்கிறீங்களோ?"

"இதுதான் முதல் தரம்."

"அப்ப ஒண்டு இருக்கு. முன்வரிசை, பதினாலு. இண்டைக்குக் காலமைதான் திரும்பி வந்தது."

முன்வரிசை! தெற்குப் பெனால்டிப் பெட்டிக்கு நேரே! திரும்பி வந்த ரிக்கெற்தான் நல்ல ரிக்கெற் என்று நான் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன். ஐந்நூறு ரூபாவை உடனே நீட்டினேன். அவர் ரிக்கெற்றைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் இருப்பீங்கள்தானே? இடையில எழும்பிப் போறேல்லை," என்றார்.

"காசு குடுத்தவன் எழும்புவானோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரவு தங்க ஒரு வீட்டையும் அவரே சொன்னார். அறை 2,500 ரூபா, சாப்பாட்டோடு. மதியம் அங்கே நண்டுக் குழம்பு. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், அவ்வளவு ருசி.

மட்ச் 4.00 மணிக்கு. நான் 3.20க்கே போய்விட்டேன். பந்தலின் கீழே அறுபது நீலப் பிளாஸ்டிக் கதிரைகள். சரியாகச் சொன்னால் ஐம்பத்தொன்பது. பதினாலாவது நீலமாக இல்லை. வெயிலில் கிடந்து கிடந்து எலும்பு நிறத்துக்கு வெளுத்திருந்தது. மற்றவை கோயில் மண்டபத்திலிருந்து அன்று காலை வந்தவை, அடுக்கி வைத்த கறை அவற்றில் தெரிந்தது. இது மட்டும் வருடக்கணக்காக அந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. நான்கு கால்களும் நான்கு விரல் ஆழத்துக்கு மணலில் இறங்கியிருந்தன. முதுகில் ஒரு வெடிப்பு. அதை வலை பின்னும் நைலோன் நூலால் யாரோ நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள்.

கதிரையின் மேல் கடலில் எடுத்த ஒரு முருகைக்கல் இருந்தது. இடம் பிடிக்க மற்றவர்கள் துவாயும் குடையும் போட்டிருந்தார்கள், இதற்குக் கல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். கல் இருந்த இடம் மட்டும் புத்தம் புது நீலமாக இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன்.

ஒலிபெருக்கியில் ஒருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் அவர் பேச்சு நடுவாக்கியத்தில் நின்றது. காற்று மட்டும் அதற்குள் இரைந்தது. பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்துத் திரும்பத் தொடங்கினார், குரலைக் குறைத்துக்கொண்டு. பதினைந்தில் இருந்தவர் தன் கதிரையை என்னிடமிருந்து ஒரு சாண் நகர்த்தினார். பதின்மூன்று வெறுமையாகக் கிடந்தது. பின்வரிசையில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். என் பின்கழுத்து சில்லிட்டது. மன்னாரில், ஆகஸ்டில், பின்னேரம் மூன்றரைக்கு.

சோடா விற்பவர் வாளியோடு வரிசை வழியே வந்தார். ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தவர், என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு சிவப்புச் சோடாவைத் திறந்து கதிரைக் காலடியில் வைத்துவிட்டு, "பதினாலு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். அப்போதுதான் என் சப்பாத்துகளைக் கண்டார். அவர் பார்வை மெல்ல என் முகத்துக்கு ஏறியது. காசு வாங்காமலே போய்விட்டார்.

"மற்ற ரீம் எப்பிடி, கெட்டியோ?" என்று பதினைந்திடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"ஆர் உங்களுக்கு ரிக்கெற் தந்தது?"

"ஜெறோம்."

"ஜெறோமோ?" என்றார். முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது. முன்வரிசையில் வெளியூரான் இருப்பது பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மட்ச்சைப் பார்க்கத் தொடங்கினேன்.

உள்ளூர் அணி நீலச் சட்டை, வந்த அணி மஞ்சள். நீலத்தின் கோல்காப்பாளர் தெற்குக் கோலில், எனக்கு முப்பது மீற்றர் தூரத்தில் நின்றான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. பெயர் றெஜி என்று ஒலிபெருக்கி சொன்னது. பதினோராம் நிமிடத்தில் மஞ்சள் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. றெஜி பந்தை எடுத்து வந்து கோல் உதைக்காக வைத்தான், இரண்டடி பின்னால் போனான், பிறகு எங்கள் பந்தலைப் பார்த்தான்.

சும்மா பார்த்த பார்வை இல்லை. வழக்கமாகப் பார்க்கும் ஒரு பொருளைப் பார்க்கிற பார்வை. அது என்மேல் வந்து நின்றது, நின்றபடியே இருந்தது. நடுவர் விசில் ஊதினார். றெஜி கண்ணை எடுக்காமலே உதைத்தான். பந்து நேரே மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனின் காலுக்குப் போனது. அவன் அங்கிருந்தே அடித்தான். பந்து வலைக்குள் விழுந்தது.

யாரும் கத்தவில்லை. மஞ்சள் அணிக்காரர்களும் கத்தவில்லை. றெஜி பந்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோலை விட்டு எங்களை நோக்கி நடந்தான், பிறகு ஓடினான்.

"அண்ணை!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

என் தொழிலில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளை மணலில் வெயிலில் நிற்பவனின் கண்ணுக்குத் தகரத்தின் கீழ் நிழலில் இருப்பவன் முகம் தெரியாது. தோள், தலை, தொப்பி, அவ்வளவுதான். கிட்ட வந்து நிழலுக்குள் நுழைந்தால்தான் முகம் வரும். நான் அசையாமல் இருந்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் போல ஒன்றை நான் வேறு எந்த மனிதரிடமும் கண்டதில்லை. அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, அதைக் கெடுக்கப்போவது நான்தான் என்று எனக்கு விளங்கியது. எழும்பி ஓட வேண்டும்போல் இருந்தது.

நிழல் தொடங்கும் கோட்டில் அவன் நின்றான். என் முகத்தைக் கண்டான்.

பின்னாலிருந்து ஒரு பெண் வந்து பதின்மூன்றாம் கதிரையில் இருந்தாள். காலையில் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனவள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். "றெஜி, ஆர் எண்டு நல்லாப் பார்," என்றாள். "பாத்திட்டியோ? ஆரோ ஒரு வெளியூர் ஆள். காசு குடுத்து இருக்கிறார். போ, போய் விளையாடு."

றெஜி அவளைப் பார்த்தான். "நீங்களோ அண்ணி ரிக்கெற்றைத் திருப்பிக் குடுத்தனீங்கள்?"

"ஓம். நான்தான்."

நடுவர் வந்து தோளில் கை வைத்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

இடைவேளையில் எல்லாம் தெரிந்துகொண்டேன். அவள் பெயர் செலின். பதினாலாம் கதிரை அவளுடைய கணவர் அன்ரனுடையது. ஆறு வருடத்துக்கு முன், இதே பைனலுக்கு முதல் கிழமை, அன்ரன் தனியாகக் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் படகு கரை சேர்ந்தது, அவர் சேரவில்லை. அன்று தம்பி றெஜியும் கூடப் போயிருக்க வேண்டியவன். பயிற்சி இருக்கிறது என்று கரையில் நின்றுவிட்டான்.

"முதல் வருசம் எனக்கும் விருப்பம்தான்," என்றாள். "ஆரையும் கதிரையை எடுக்க விடேல்லை. அக்கரையில பிடிச்சு வச்சிருப்பாங்கள், வருவார் எண்டு நினைச்சம். காத்து இழுத்துக்கொண்டு போகாமக் கல்லைத் தூக்கி வச்சவன் றெஜி. வெடிச்சா அவன்தான் தைப்பான். ஊரும் பழகிட்டுது, சோடாவும் வைக்கும். ஆறு வருசமா நான் ஒரு கல்லுக்குப் பக்கத்தில இருந்து மட்ச் பாக்கிறன்."

"பங்குச் சுவாமியிட்டச் சொல்லி ஒரு பூசை..." என்று இழுத்தேன்.

"மூண்டு தரம் கேட்டன். உடம்பு இல்லாமல் என்ன அடக்கம் எண்டு றெஜி கோயில் வாசலில நிண்டு சண்டை. அவன் இப்ப கடலுக்கும் போறேல்லை. அண்ணை வரேக்க கரையில ஒரு ஆள் நிக்க வேணுமாம். கலியாணம் பேசினா அண்ணை வரட்டுமாம். ஒரு சாவு போதாதெண்டு இன்னொரு உயிரையும் கதிரையில கட்டி வச்சிருக்கிறம்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. "என்னட்டக் கேட்டிருக்கலாமே தங்கச்சி," என்றேன்.

"கேட்டிருந்தா இருந்திருப்பீங்களோ?"

இருந்திருக்க மாட்டேன். அதையும் சொன்னேன்.

"ஊர் ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டினம். வெளி ஆள் ஆரும் கதிரை கேட்டு வந்தாக் குடுங்கோ எண்டு ஜெறோம் அண்ணையிட்டச் சொன்னன். காலமையில இருந்து பாத்துக்கொண்டு நிண்டனான். உங்களில அவற்ற சாயல் ஒரு துளியும் இல்லை. அதுதான் நல்லம்."

நான் எழும்பப் போனேன். அவள் என் கதிரைக் கையைப் பிடித்தாள், என்னைப் பிடிக்கவில்லை. "எழும்பாதேங்கோ. எழும்பினா அது திரும்ப வெறுங்கதிரை. அவன் திரும்பப் பாப்பான். கடைசி வரைக்கும் இருங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

இருந்தேன். என் வாழ்நாளில் எந்த விளையாட்டையும் அவ்வளவு மோசமாகப் பார்த்ததில்லை. பக்கம் மாறியதால் றெஜி இப்போது வடக்குக் கோலில், தூரத்தில். 5.20 அளவில் வெயில் சாய்ந்ததும் மேற்கே இருந்த காற்றாலை ஒன்றின் இறக்கை நிழல் மைதானத்துக்குள் வந்தது. ஒரு நீளக் கறுப்பு மணலைத் தடவிக்கொண்டு போகும், ஆட்களின் மேலால் ஏறும், இறங்கும், திரும்பவும் வரும். விளையாடுபவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. முதுகுப் பக்கம் நைலோன் தையல் என் சட்டையில் உராய்ந்தது. வேறொருவரின் முதுகுக்காகத் தைத்தது. யாரோ எனக்குப் பின்னால், எனக்கு முன்பே, அதே கதிரையில் இருப்பதுபோலவும் நான் அவர் மடியில் இருப்பதுபோலவும் ஓர் எண்ணம் வந்தது, போக மறுத்தது. பயந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

ஒவ்வொரு கோல் உதைக்கும் றெஜி பந்தலைப் பார்த்தான். முதல் தரம் நெடுநேரம் பார்த்தான். இரண்டாம் தரம் நான் தொப்பியைக் கழற்றினேன், என் வழுக்கை தெரியட்டும் என்று. மூன்றாம் தரம் பார்த்தான். நான்காவது கோல் உதைக்குப் பந்தை வைத்தான், இரண்டடி பின்னால் போனான், உதைத்தான். பந்தல் பக்கம் பார்க்கவில்லை. செலின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினைந்தில் இருந்தவர் தன் கதிரையை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நீலம் ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றது. அந்த ஒரு கோல்தான். ஊரில் யாரும் றெஜியை ஏசவில்லை. கிண்ணம் கொடுத்து, சோபாக்காரர்கள் பேசி முடித்த பிறகு அவன் எங்களிடம் வந்தான். கையுறைகளைக் கழற்றிச் செலினிடம் கொடுத்தான்.

"எழும்புங்கோ அண்ணை," என்றான், மரியாதையாக.

எழும்பினேன். அவன் அந்தக் கதிரையில் இருந்தான். கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு வெறும் மைதானத்தைப் பார்த்தான். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு எழும்பி, மணலில் புதைந்திருந்த கால்களை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலுக்குப் போகும் நீல அடுக்கின் மேல் வைத்தான். அடுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனது. பெட்டியின் பின்னால் செலினும் அவனும் நடந்து போனார்கள். இருவருக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கக்கூடிய இடைவெளி இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவன் கிட்டப் போய் அவளுடைய சைக்கிளை வாங்கி உருட்டினான்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மன்னார்த் தீவில் இந்த மாதங்களில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் மேற்குப் பக்கம் இடம் எடுங்கள். கிடைக்காவிட்டால் வாங்கு நல்லது. உயரம் இருக்கிறது, மணல் கண்ணுக்குள் வராது. நிலம் எடுத்தால் பாயின் நான்கு மூலைக்கும் பாரம் வேண்டும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். காற்றுக்குத்தான், பகட்டுக்கு இல்லை. சில்லறைக் காசு கொண்டுபோங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். வரிசையில் உட்காருமுன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திரும்பி வந்த ரிக்கெற் கிடைத்தால், அதை ஏன் திருப்பினார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டபிறகும் வாங்குவதா என்பது உங்கள் மனது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்றிரவு தூங்கப் போகும்போதும் கோபமாகத்தான் இருந்தேன். ஐந்நூறு ரூபா கொடுத்து நான் வாங்கியது என்ன என்பது எனக்கு மறுநாள் காலைதான் விளங்கியது.

மன்னாருக்குத் திரும்பும் முதல் பஸ் காலை 6.20க்குப் பிரதான வீதிக்கு வரும். நான் 5.55க்கு வீட்டை விட்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. மணற்பாதையில் பாதி தூரம் வந்தபோது கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கும் மணி இல்லை. ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, இன்னொரு தட்டு. பஸ் தரிப்பில் மீன்கூடையோடு நின்ற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டாள்.

பஸ் வந்தது. நேற்றைய நடத்துனர்தான். மணியைக் கேட்டுவிட்டு மிதிபலகையில் நின்றபடி அந்தப் பெண்ணிடம், "ஆர் அக்கா செத்தது?" என்று கேட்டார்.

"அன்ரன்."

"எந்த அன்ரன்? றெஜிட தமையனோ?"

"ஓம்."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம்," என்றாள் அவள்.

நடத்துனர் சிலுவை போட்டார். பஸ்ஸில் பாதிக்கு மேல் இடம் இருந்தது, ஜன்னலோரங்களும் இருந்தன. மன்னார் பட்டினம் வரைக்கும் நான் நின்றுகொண்டே வந்தேன்.